லிப்ட்காரர் போட்ட மூன்று டிக்

இந்த மாநிலத்துக்கு வந்த முப்பது மாதத்தில், லிப்ட் பழுது பார்க்கிற லிப்ட்காரர் தன் கம்பெனி வேனை ஒரு தடவைகூட நாற்பதுக்கு மேல் விரட்டியதில்லை. பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அழுத்திப் பார்ப்பார்கள். பொறுமை இழந்தவர்கள் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, "என்ன சார், ஊர்வலமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் கும்பிடாத குறையாக வழி விடுவார். மஞ்சள் விளக்குக்கே நின்றுவிடுவார். ஆளே இல்லாத தெருமுனையிலும் இண்டிகேட்டர் போடுவார். மனுஷன் தங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் பயம், கலப்படமில்லாத பயம்.

பயத்துக்குக் காரணம் அவருடைய பர்சுக்குள் இருந்தது. ஓட்டுநர் உரிமம். அது போலி இல்லை, தேதி முடிந்ததும் இல்லை. அசல்தான், ஆனால் பக்கத்து மாநிலத்து அசல். அங்கிருந்து இங்கே குடிவந்தவர்கள் முப்பது நாளுக்குள் பழைய உரிமத்தைக் கொடுத்துவிட்டு இந்த மாநிலத்து உரிமம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். லிப்ட்காரர் முப்பது நாளை முப்பது மாதமாக இழுத்துவிட்டார்.

சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. இருக்கிற ஒரே மகள் அந்த மாநிலத்தில், பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மிருக வைத்தியத்துக்குப் படிக்க வேண்டும். இவர் ஒரு லிப்ட் குழியிலிருந்து தூக்கிவந்த, கால் ஒடிந்த பூனைக்குட்டி ஒன்றுக்கு ஐஸ்குச்சி வைத்துக் கட்டுப்போட்டு நடக்கவைத்தபோது வந்த ஆசை அது. பூனைக்கு 'லிப்ட்' என்றே பெயரும் வைத்தாள். அந்த மாநிலத்துக் கல்லூரியில் பாதி இடம் அந்த மாநிலத்தவர் பிள்ளைகளுக்கு. ஆனால் பெற்றவர்கள் கடைசி மூன்று வருஷமும் அங்கேயே குடியிருந்திருக்க வேண்டும். இவர் வேலை பார்த்த கம்பெனி அங்கே இழுத்து மூடப்பட்டது. சோறு ஒரு மாநிலத்தில், சீட்டு இன்னொரு மாநிலத்தில் என்றானபிறகு மனுஷன் என்ன செய்வார்? உரிமத்தை மாற்றினால் அங்கே குடியிருப்புப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் மகளின் விண்ணப்பம் குப்பைக்குப் போகும். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் இங்கே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டினார்கள். மகள் பரீட்சையில் வெளுத்து வாங்கிவிட்டாள். கல்லூரிப் பட்டியல் வர இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். லிப்ட் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கண்ணாடிச் சட்டத்தில் அட்டை மாட்டியிருக்கும். மாதாமாதம் பழுது பார்க்கிறவர் தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இவரோடு வேலை பார்ப்பவர்களில் பலர் டீக்கடையில் உட்கார்ந்தபடியே ஆறு கட்டிடத்து அட்டைக்கும் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவார்கள். லிப்ட்காரர் அப்படி இல்லை. மேலே ஏறிக் கயிறு பார்ப்பார், பிரேக் பார்ப்பார், ஒவ்வொரு மாடியாக நின்று கதவு பார்ப்பார். அப்புறம்தான் கையெழுத்து. அதன் பக்கத்தில் மூன்று டிக். கயிற்றுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று. மூன்றாவது டிக்கின் வால் மட்டும் அட்டையின் ஓரம்வரை நீளும். யாரும் கேட்டு அவர் போட்டதில்லை. எவன் பார்க்கப்போகிறான் இதை என்று மற்றவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிடத்துக்குப் போய்விடுவார்.

அன்று காலை ஒன்பது மணிக்கு, பாலத்து இறக்கத்தில், போலீஸ்காரர்கள் இரும்புத் தடுப்புகளைக் குறுக்கே வைத்து வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக அந்தப் பாலத்தில் ஆள் நிற்பதில்லை என்று கணக்குப் போட்டுத்தான் அந்த வழியில் வந்தார். முன்னால் போன நான்கு வண்டிகளைக் கையசைத்து அனுப்பிவிட்டார்கள். இவர் வேனைப் பார்த்ததும் ஒரு கை உயர்ந்தது.

வந்தவர் ஐம்பதை நெருங்கிய அதிகாரி. மூக்குக்கண்ணாடி, ஒட்ட வெட்டிய நரைமுடி. குரலை உயர்த்தாதவர். கத்துகிற போலீஸ்காரரைச் சமாளித்துவிடலாம், மெதுவாகப் பேசுகிறவரைத்தான் சமாளிக்க முடியாது என்று லிப்ட்காரருக்கு யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள்.

"எங்க போறீங்க?"

"வேலைக்கு சார். லிப்ட் சர்வீஸ்."

"லைசன்ஸ் காட்டுங்க."

அதிகாரி உரிமத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்தார். அப்புறம் நம்பர் பலகையை.

"வண்டி இங்க உள்ளது. கம்பெனியும் இங்க உள்ளது. லைசன்ஸ் மட்டும் அந்தப் பக்கமா?"

"நான் இருக்கறதே அங்கதான் சார். இங்க ஆள் பத்தலன்னு கூப்பிட்டாங்க. வந்து பன்னெண்டு நாள்தான் ஆகுது."

சமையலறையில் நின்று மனைவியோடு எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்த வரி. பத்து நாள் என்று சொல்லத்தான் முதலில் நினைத்தார். "பத்துன்னா சொல்லி வச்ச மாதிரி இருக்கும், பன்னெண்டுன்னு சொல்லுங்க" என்று திருத்தியவள் அவள்.

"பன்னெண்டு நாள்" என்றார் அதிகாரி. கேள்வியாகக் கேட்கவில்லை. கையில் வாங்கி எடைபார்ப்பது மாதிரி சொன்னார். "சரி, பாலம் எறங்கி எந்தப் பக்கம் திரும்பினா பெரிய ஆஸ்பத்திரி?"

இடது பக்கம், இரண்டாவது சிக்னல். ஆஸ்பத்திரி லிப்ட் நான்கும் இவர் கை பட்டதுதான். நாக்கு நுனிவரை வந்த பதிலை லிப்ட்காரர் விழுங்கினார்.

"தெரியல சார். போன்ல மேப் பாத்துதான் ஓட்டறேன்."

அதிகாரியின் பார்வை வேனுக்குள் போயிற்று. ஸ்டியரிங் பக்கத்தில் போன் வைக்கும் தாங்கி காலியாக, தூசு படிந்து கிடந்தது. போன், பின்சீட்டில் சாப்பாட்டுப் பையின் அடியில் இருந்தது. அதிகாரி ஜீப்பிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துவந்து, வேனின் மூக்கின்மேல் வைத்து அவரே நிரப்பினார். 'இந்த மாநிலத்துக்கு நான் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இதற்கு முன் இங்கே வேலை பார்த்ததோ குடியிருந்ததோ இல்லை.'

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

லிப்ட்காரர் படித்தார். கண் ஓடியது, எழுத்து ஏறவில்லை. பேனாவை வாங்கினார். முப்பது வருஷமாக அட்டையில் போட்டுப் பழகிய கைக்கு ஒரு படிவமும் இன்னொரு அட்டைதான். கையெழுத்து விழுந்தது. தேதி விழுந்தது. அதோடு நிற்கவில்லை கை. டிக், டிக், டிக். மூன்றாவதின் வால் காகிதத்தின் ஓரத்தில் போய்த்தான் முடிந்தது.

என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிவதற்குள் அதிகாரி குனிந்து பார்த்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன?"

"எது சார்?"

"கையெழுத்துக்குப் பக்கத்துல. மூணு டிக்."

"சும்மா சார். பழக்கதோஷம்."

"பழக்கம்" என்றார் அதிகாரி. படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஜீப்பில் இருந்த கோப்பில் வைக்கவில்லை, சொந்தச் சட்டைப் பையில் வைத்தார். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். "போயிட்டு வாங்க. பாத்து ஓட்டுங்க."

அபராதம் இல்லை, அதட்டல் இல்லை. அடித்துத் திட்டி அனுப்பியிருந்தால் லிப்ட்காரர் நிம்மதியாகப் போய் வேலையைப் பார்த்திருப்பார்.

மதியம் மனைவியைப் போனில் கூப்பிட்டார். மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை அவளுக்கு. சாப்பாட்டு இடைவேளையில்தான் பேச முடியும்.

"புடிச்சாங்களா!" என்றாள் எடுத்த எடுப்பில்.

"புடிச்சாங்க, விட்டுட்டாங்க."

"சும்மாவா?"

"பன்னெண்டு நாள்னு எழுதி வாங்கிக்கிட்டாரு."



"வாயால சொல்றது வேற. எழுதிக் குடுக்கறது வேற. ஏங்க கையெழுத்துப் போட்டீங்க?"

"போடாம? 'இல்ல சார், நான் முப்பது மாசமா இங்கதான் இருக்கேன்'னு சொல்லச் சொல்றியா?"

"எரிஞ்சு விழாதீங்க. பாப்பா காலைல பேசினா. ஹாஸ்டலுக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு லிஸ்ட் போட ஆரம்பிச்சுட்டா. பூனைய யாருகிட்ட விடறதுன்னு ஒரே கவலை அவளுக்கு."

லிப்ட்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தார். மூன்று டிக் போட்டதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அது என்ன பெரிய விஷயம் என்பாள். பெரிய விஷயமா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. தெரியாததுதான் குடைந்தது.

மூன்று மணிக்கு மேலாளர் கூப்பிட்டார். ஆற்றோரம் இருக்கிற ஆறுமாடிக் கட்டிடத்திலிருந்து அழைப்பாம்.

"லிப்ட் நின்னுடுச்சா சார்?"

"நிக்கல. ஆனா உங்களத்தான் வரச் சொல்றாங்க. டிக் போடற ஆளு வரணும்னு கேட்டாங்களாம். என்னய்யா, அங்க யாராவது உங்களுக்கு ரசிகரா?" மேலாளர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டு வைத்தார்.

லிப்ட்காரர் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தார். போகாவிட்டால் வேறு ஆளை அனுப்புவார்கள், அந்த ஆள் இவரைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வருவான். போனார்.

கட்டிடத்து வாசலில் காவலாளி எழுந்து நின்றான். வழக்கமாக டீ வாங்கித் தருகிறவன், அன்று கண்ணைப் பார்க்கவில்லை.

"ஆறாம் மாடில இருக்கறவரு கூப்பிட்டாருண்ணே. மத்தியானம் டியூட்டி முடிஞ்சு வந்ததும் நேரா லிப்டுக்குள்ள போனாரு. ரொம்ப நேரம் வெளியவே வரல. அப்புறம் அட்டையக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாரு. நான் என்னண்ணே பண்றது, போலீஸ்காரரு."

லிப்ட்காரர் உள்ளே போய்ப் பார்த்தார். கண்ணாடிச் சட்டம் திறந்து கிடந்தது. அட்டை இருந்த இடத்தில் வெளிறிய ஒரு சதுரம். காலையில் பாலத்தில் நிறுத்திய அதிகாரி குடியிருப்பது இந்தக் கட்டிடத்தில்தான். ஒவ்வொரு மாதமும் இவர் வேலைக்கு வந்த நேரத்தில் அவர் டியூட்டிக்குப் போயிருக்கிறார், ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. கையெழுத்து மட்டும் தினமும் அவரோடு ஏறி இறங்கியிருக்கிறது.

லிப்டில் போக மனசு வரவில்லை. படியேறினார். ஏறும்போதே தீர்மானித்துவிட்டார். தப்பிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. 'சார், அந்த அட்டையில இருக்கற கையெழுத்தெல்லாம் போன வாரம் ஒரே நாள்ல உக்காந்து போட்டது. பழைய ஆளுங்க போடாம விட்டதால கம்பெனில போடச் சொன்னாங்க.' நம்பாமல் என்ன? ஊரில் பாதி அட்டை அப்படித்தான் நிரம்புகிறது. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும். போகட்டும், வேறு வேலை கிடைக்கும். மகளுக்கு வேறு சீட்டு கிடைக்காது. நான்காம் மாடியில் மூச்சு வாங்க நின்று அந்த வரியை ஒரு தடவை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். ஒத்திகை பார்க்க இந்தத் தடவை மனைவி இல்லை.

கதவு திறந்தே இருந்தது. அதிகாரி சீருடை மாற்றியிருந்தார். சாப்பாட்டு மேஜைமேல் அட்டை ஒரு பக்கம், படிவம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர் டம்ளர்.

"உக்காருங்க. தண்ணி குடிங்க. படியில வந்தீங்களா?"

"ஆமா சார்."

"லிப்ட் இருக்கும்போது?"

லிப்ட்காரர் தண்ணீரைக் குடித்தார்.

"ரெண்டுலயும் இருக்கறது உங்க கையெழுத்து" என்றார் அதிகாரி, அதே மெதுவான குரலில். "அட்டை உண்மைன்னா படிவம் பொய். படிவம் உண்மைன்னா அட்டை பொய். ரெண்டும் உண்மையா இருக்க முடியாது. படிவத்த நாளைக்குக் காலைல பதிவு பண்ணணும். பொய்னு தெரிஞ்சா அந்த மாநிலத்து ஆபீசுக்கு நான் எழுதியாகணும். அதுல மாத்தம் இல்ல."

"சார், எனக்கு ஒரு பொண்ணு..."

"வேண்டாம்." அதிகாரி கையை உயர்த்தினார். காலையில் பாலத்தில் உயர்ந்த அதே கை. "அத என்கிட்ட சொல்லாதீங்க. தெரிஞ்சா எனக்குக் கஷ்டம். எழுதாம இருக்கவும் மாட்டேன், தூங்கவும் மாட்டேன். நான் உங்கள வரச்சொன்னது படிவத்துக்காக இல்ல. அட்டைக்காக. அது பொய்னா எனக்கு இன்னைக்கே தெரியணும்."

உள்ளறையிலிருந்து சக்கரம் உருளும் சத்தம் வந்தது. சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வெளியே போகத் தயாராகத் தலை சீவி, மடியில் கைப்பை வைத்திருந்தாள். அதிகாரியின் மனைவி என்று சொல்லாமலே தெரிந்தது. லிப்ட்காரரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது, அதை அவர் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை.

"நீங்கதானாண்ணே அது? இத்தன நாளா கையெழுத்த மட்டும்தான் பாத்திருக்கேன். எனக்கு அஞ்சு வருஷமா கால் இல்லாத கணக்குதான். இந்த லிப்டுதான் காலு. மொதல்லலாம் மாசத்துக்கு ரெண்டு தடவ நின்னுடும். ஒருநாள் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம், இருட்டுல, இந்த நாற்காலியோட நான் மட்டும் தனியா. அப்புறம் ஒரு வருஷம் வீட்ட விட்டு எறங்கல. அப்புறம்தான் அட்டையில மூணு டிக் வர ஆரம்பிச்சது. நானும் பாத்தேன், ஒரு மாசம், ரெண்டு மாசம். நிக்கவே இல்ல. அந்தத் தைரியத்துல இப்ப சாயந்திரம் ஒரு எடத்துல போய்ப் பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கறேன்."

அவள் மேஜையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"இவரு மத்தியானத்துலேர்ந்து இது பொய்யா இருக்கலாம்னு சொல்றாரு. இனிமே லிப்டுல போகாத, நான் தூக்கிட்டுப் போறேங்கறாரு. இவரு முதுக வச்சுக்கிட்டு, ஆறு மாடி! அண்ணே, என்கிட்ட மறைக்காம சொல்லுங்க. முப்பது மாசமும் வந்து பாத்தீங்களா? இல்ல எங்கயோ உக்காந்து போட்டதா?"

வரி தயாராக இருந்தது. நான்காம் மாடியில் சரிபார்த்த வரி. வாயைத் திறந்தால் போதும், மகள் ஹாஸ்டலுக்குப் போவாள். லிப்ட்காரர் வாயைத் திறந்தார். எதிரே இருந்த முகத்தைப் பார்த்தார். இந்த முகம் இனி லிப்டுக்குள் ஏறாது. அந்த வரியைச் சொன்ன நிமிஷத்திலிருந்து ஏறாது. எவன் பார்க்கப்போகிறான் என்று கிண்டல் பண்ணினார்களே, பார்த்துக்கொண்டிருந்தது இவள்.

"வந்தேம்மா" என்றார். "ஒரு மாசம்கூட விடாம வந்தேன். கயிறு, பிரேக், கதவு, மூணையும் என் கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் போட்டேன். நீங்க தைரியமா எறங்கலாம்."

அதிகாரி கண்ணை மூடித் திறந்தார். அவர் முகத்தில் வந்தது நிம்மதியா துக்கமா என்று சொல்ல முடியாது. அட்டையை எடுத்து லிப்ட்காரர் கையில் கொடுத்தார். படிவத்தை எடுத்துப் பழையபடி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு எழுதுவேன்" என்றார்.

"தெரியும் சார்."

அவள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். என்ன எழுதப்போகிறார், யாருக்கு என்று அவளுக்குத் தெரியாது. அதிகாரி சொல்லியிருக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க, கதவப் பூட்டிட்டு வரேன்" என்று அவர் சாவியைத் தேடப் போனார்.

லிப்ட்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிப்டுக்குள் போனார். அட்டையைச் சட்டத்தில் செருகி மூடினார். பொத்தானை அழுத்தினார். லிப்ட் சத்தமில்லாமல் இறங்கத் தொடங்கியது. அவர் காது வழக்கம்போலக் கயிற்றில் இருந்தது. கயிற்றில் ஒரு குறையும் இல்லை.

"பொண்ணு இருக்கான்னு சொன்னீங்களேண்ணே, உள்ள கேட்டுச்சு" என்றாள் அவள். "என்ன படிக்குது?"

நான்காம் மாடி போயிற்று. மூன்றாம் மாடி போயிற்று. இந்தக் கேள்விக்கு அவர் எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார், மிருக டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று. கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறார்.

"மிருக டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசப்பட்டாம்மா."

"நல்ல ஆச. நீங்க பெத்த பொண்ணு, செஞ்சிடும்."

லிப்ட் நின்றது. கதவு திறந்தது. லிப்ட்காரர் பழக்கத்தில் குனிந்து பார்த்தார். லிப்டின் தளமும் வெளித்தரையும் ஒரே மட்டத்தில் இருந்தன. சக்கரங்கள் ஒரு குலுங்கலும் இல்லாமல் கடந்துபோயின. அவர் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், மகள். அடித்து ஓயும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு லிப்ட் வாசலில் நின்றார்.